கொல்லை வழியாக வந்த மின்னல்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். புரட்டாசிக் கடைசியில் ஒரு மாலை, அடுத்த தோட்டத்துத் தென்னையில் இடி விழுந்தது. அப்போது மின்சாரம் இல்லை. கணினியையும் அணைத்துத்தான் வைத்திருந்தேன். பிளக்கை மட்டும் பிடுங்கவில்லை. கரண்ட் வந்த பிறகு பார்த்தால் இன்டர்நெட் பெட்டியில் விளக்கே எரியவில்லை. (தெருக் கம்பத்திலிருந்து ஒரு நீல வயர் அந்தப் பெட்டிக்கு வருகிறது, அதிலிருந்து இன்னொரு வயர் கணினிக்குப் போகிறது.) கணினியின் பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. டிவி, ஃபிரிட்ஜ், யுபிஎஸ், மானிட்டர் எல்லாம் நன்றாக இருக்கின்றன. வந்து பார்த்த மெக்கானிக், மூடியைக்கூடக் கழற்றாமல், “இடி விழுந்தால் எல்லாமே போய்விடும், புதிதாக வாங்குங்கள், 38,000 ரூபாய் ஆகும்” என்கிறார். 2016-இல் வாங்கிய கணினி. எனக்குக் கணினியை விட அதற்குள் இருப்பதுதான் பெரிது: 2005 முதல் ஊர் ஊராகப் போய்க் கேட்டுத் தட்டச்சு செய்த தாலாட்டு, ஒப்பாரிப் பாடல்கள், மகள் திருமணப் படங்கள். அவற்றை மீட்க முடியுமா? யுபிஎஸ், ஸ்பைக் பஸ்டர் இரண்டும் வைத்திருந்தும் ஏன் காப்பாற்றவில்லை? காப்பீட்டில் ஏதாவது கிடைக்குமா?

பதில்:

ஐயா, வணக்கம்.

இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை அந்தப் பொத்தானை இன்னொரு முறை அழுத்தாதீர்கள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ‘எங்கே, நான் ஒரு தடவை பார்க்கிறேன்’ என்று அழுத்தியிருப்பார்கள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் பழுதான பாகத்துக்குள் கொஞ்சம் மின்சாரம் போய்த் திரும்புகிறது. அதே கம்பிக் கொத்தில்தான் உங்கள் பாட்டுகள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கும் தொங்குகிறது.

நான் பாளையங்கோட்டையில் 23 ஆண்டுகளாகக் கணினி பழுது பார்க்கிறேன். சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் புரட்டாசி, ஐப்பசியிலும், சாயங்காலம் இடி இடித்தால் மறுநாள் கடை திறக்கும்போது வாசலில் நாலு பேர் சிபியு பெட்டியோடு நிற்பார்கள். அவர்களில் பலரிடம் யாரோ ஒருவர் ‘எல்லாம் போய்விட்டது’ என்று முன்பே சொல்லியிருப்பார். மூடியைக் கழற்றாமல் அப்படிச் சொல்வது, நாடி பிடித்துப் பார்க்காமல் பாடை கட்டச் சொல்வது மாதிரி.

மின்னலுக்குத் தடம் உண்டு. ஒரு கம்பி வழியாக உள்ளே வரும், இன்னொரு வழியாக மண்ணுக்குப் போகும். அந்தத் தடத்தில் இருப்பதைச் சுடும். தள்ளி இருப்பதைப் பெரும்பாலும் தொடாது. அதனால் கடைக்கு வருகிறவர்களிடம் என்ன போனது என்று கேட்பதற்கு முன்னால் எது எது பிழைத்தது என்று கேட்பேன். நீங்கள் அதைக் கேட்காமலே எழுதிவிட்டீர்கள். டிவி பிழைத்தது, ஃபிரிட்ஜ் பிழைத்தது, யுபிஎஸ் பிழைத்தது. மூன்றும் சுவரில் உள்ள மின்சாரத்தோடு பிணைந்தவை. செத்தது இன்டர்நெட் பெட்டி. அதற்கு அடுத்து அதே வயரின் மறுமுனையில் இருந்த கணினி. மின்னல் உங்கள் வீட்டு மீட்டர் வழியாக வரவில்லை, அந்த நீல வயர் வழியாக வந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

தென்னைக்கும் வயருக்கும் தொடர்பே இல்லையே என்று நீங்கள் கேட்கக்கூடும். தொட வேண்டியதில்லை. மின்னல் மரத்தில் இறங்கும்போது பல்லாயிரம் ஆம்பியர் மின்னோட்டம் மைக்ரோ வினாடிக் கணக்கில், அதாவது ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், ஏறி இறங்குகிறது. அவ்வளவு வேகமாக மாறும் மின்னோட்டத்தைச் சுற்றிக் காந்தப்புலம் எழும். அந்தப் புலத்துக்குள் எந்தச் செம்புக் கம்பி நீளமாகக் கிடந்தாலும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் பிறந்துவிடும். டிரான்ஸ்பார்மர் வேலை செய்வதும் இதே விதியில்தான். கம்பத்திலிருந்து வாசல் வேம்பைத் தாண்டி உங்கள் ஜன்னல் வரை தொங்கி வருகிற வயர், மின்னலுக்கு வலை விரித்து வைத்தது போல.

இந்த வயரைப் பற்றி எனக்குத் தீராத கோபம் உண்டு. ‘ஃபைபர் இன்டர்நெட்’ என்று சொல்லித்தான் இணைப்புக் கொடுக்கிறார்கள். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளி போகுமே தவிர மின்சாரம் போகாது. ஆனால் பல ஊர்களில் அந்தக் கண்ணாடி இழை தெருக் கம்பத்துப் பெட்டியோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து வீட்டுக்கு வருவது நான்கு ஜோடிச் செம்புக் கம்பி உள்ள சாதாரண லேன் கேபிள். கட்டடத்துக்குள் ஓட வேண்டிய கேபிள் அது. அதை வெயிலிலும் மழையிலும் வெளியே கட்டித் தொங்கவிடுகிறார்கள். உங்களுடைய நீல வயர் அதுதான்.

இப்போது அந்த அரைச் சுற்றுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவிய வரி அதுதான். கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை எஸ்எம்பிஎஸ் என்போம். அது செத்திருந்தால் பொத்தானை அழுத்தும்போது ஒன்றுமே நடக்காது. விசிறி அசையக்கூடச் செய்யாது. உங்களுடையது எழுந்திருக்கிறது. மின்சாரம் கொடுக்க முயல்கிறது, எங்கேயோ ‘ஷார்ட்’ இருப்பதை உணர்கிறது, தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. ஆகவே எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. அதோடு இணைந்த ஏதோ ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது. எல்லாப் பாகங்களும் செருகியிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டாக இருக்கலாம். டிவிடி டிரைவாக இருக்கலாம். ஹார்டு டிஸ்க்காகக்கூட இருக்கலாம். அப்படியிருந்தால் பயப்பட வேண்டாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதல் இரண்டு படிகளை நீங்களே செய்யலாம்.

எல்லா வயர்களையும் பிடுங்குங்கள். மின்சார பிளக், லேன் வயர், மானிட்டர் வயர், பிரிண்டர், கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ், ஒன்றுவிடாமல். பிறகு மின்சாரம் இல்லாத அந்தப் பெட்டியின் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். (இது ஒன்றுதான் நான் அனுமதிக்கும் அழுத்தல்.) உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். அதிர்ச்சியில் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டு, உண்மையில் எதுவும் கெடாமலே கணினி எழ மறுப்பது உண்டு. இந்த அரை நிமிடத்தோடு சரியாகிப்போன பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் உடனே மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டாம். முதலில் ஹார்டு டிஸ்க்கை வெளியே எடுத்துவிட வேண்டும்.

பின்பக்கம் இரண்டு திருகைக் கழற்றினால் பக்கவாட்டுத் தகடு வந்துவிடும். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போய்விடும். அப்புறம் மூக்கை வைத்து முகருங்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் கருகிய சில்லுக்கு ஒரு வாசனை உண்டு, மீன் கருவாட்டுக்கும் எரிந்த பிளாஸ்டிக்குக்கும் நடுவில். ஒரு வாரம் கழித்தும் அது பெட்டிக்குள் தங்கியிருக்கும். டார்ச்சை அடித்து, லேன் வயர் செருகும் துளைக்குப் பின்னால் மதர்போர்டில் பாருங்கள். அங்கே கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத ஒரு சதுரக் கறுப்புச் சில்லு இருக்கும். அதுதான் லேன் சிப்பு. அதன் நடுவில் கடுகளவு குழியோ, மேலே வெடித்த கீறலோ, சுற்றிலும் பழுப்புக் கறையோ இருந்தால் வழக்கு முடிந்தது. ஒன்றும் தெரியாவிட்டால் அது நல்ல சிப்பு என்று அர்த்தமில்லை. உள்ளுக்குள் கெட்டு வெளியே பளபளவென்று இருப்பவையும் உண்டு.

லேன் துளைக்குள் ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வரும் வயருக்கும் கணினிக்கும் நேரடித் தொடர்பு இல்லாமல் பிரிப்பது அதன் வேலை. 1,500 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்பது விதி. சாதாரண நாளில் அது தாராளம். பக்கத்துத் தென்னையில் இடி விழுகிற நாளில் போதாது. அந்த வேலியைத் தாண்டினால் முதலில் நிற்பது லேன் சிப்பு.

இனி ஹார்டு டிஸ்க். உங்கள் மெக்கானிக் மறுபடி வந்தாலும் சரி, வேறு யாராவது வந்தாலும் சரி, அவர் செய்யும் முதல் வேலை அதைக் கழற்றுவதாக இருக்கட்டும். இரண்டு வயர், நான்கு திருகு. கழற்றியதும் அதை ஒரு துணிப்பையில் போட்டு உங்கள் பீரோவில் வையுங்கள். மதர்போர்டைச் சோதிக்கும்போதோ, எஸ்எம்பிஎஸ் மாற்றிப் பார்க்கும்போதோ ‘ஓடுகிறதா என்று பார்ப்போம்’ என்று அதைச் செருகக் கூடாது. இது நான் அடிபட்டுக் கற்ற பாடம். கடை ஆரம்பித்த புதிதில் ஒரு புகைப்படக்காரரின் கணினி வந்தது. எஸ்எம்பிஎஸ் அடிபட்டிருந்தது, டிஸ்க் நன்றாக இருந்தது. அவசரத்தில் அளந்து பார்க்காமல் அதே எஸ்எம்பிஎஸ்ஸில் டிஸ்க்கை மாட்டினேன். 12 வோல்ட் வர வேண்டிய மஞ்சள் வயரில் அதைவிட மிக அதிகமாக வந்துகொண்டிருந்திருக்கிறது. இடி செய்யாததை நான் செய்தேன். அன்றிலிருந்து வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைக்காமல் எதையும் எதோடும் இணைப்பதில்லை.

டிஸ்க்கைப் படிப்பதற்கு யுஎஸ்பி டாக் என்று ஒரு சிறு கருவி உண்டு. மேசைக் கணினியின் பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை என்பதால், தனி அடாப்டரோடு வருகிற டாக்காகப் பார்த்து எடுக்க வேண்டும். மடிக்கணினி டிஸ்க்குக்கான மெல்லிய யுஎஸ்பி வயர் போதாது. டாக்கில் வைத்து மகளின் மடிக்கணினியிலோ நண்பர் கணினியிலோ இணையுங்கள். டிஸ்க் சீராகச் சுழலும் ஓசை கேட்டு, கோப்புகள் திரையில் தெரிந்தால் உடனே நகலெடுங்கள். முதலில் பாடல்கள், அடுத்து படங்கள், மற்றதெல்லாம் பிறகு. வேறு சோதனை எதுவும் அதற்கு முன்னால் வேண்டாம். டிக், டிக் என்று தட்டும் ஓசை வந்தால் அந்த நொடியே நிறுத்திவிட்டு, தரவு மீட்பதையே தொழிலாகச் செய்பவரிடம் கொண்டுபோங்கள்.

டிஸ்க் சுழலவே இல்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். அதன் அடிப்பக்கத்துப் பச்சைப் பலகையில், மின்சாரம் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், கறுப்பாகச் செவ்வக வடிவில் பொதுவாக இரண்டு டயோடுகள் இருக்கும். ஒன்று 5 வோல்ட் வழிக்கு, மற்றது 12 வோல்ட் வழிக்கு. அதிக வோல்ட் வந்தால் இவை தாங்களே ஷார்ட் ஆகி, உள்ளே போகவிடாமல் தடுத்துச் சாகும். வாசலில் வெட்டுப்பட்டு விழும் காவல்காரன் மாதிரி. செத்த பிறகும் வழியை மறித்துக்கொண்டே கிடப்பதால்தான் டிஸ்க் எழாது. அதோடு சேர்ந்து கணினியும் எழாமல் அரைச் சுற்றோடு நிற்கும். கைதேர்ந்தவர் மல்டிமீட்டரால் தொட்டு எது ஷார்ட் என்று கண்டுபிடித்து, அந்த டயோடைச் சூடுகாட்டி எடுத்துவிட்டால், டிஸ்க் பெரும்பாலும் ஓடத் தொடங்கும். அப்போது அது காவலில்லாத வீடு. சரியான அடாப்டரில் மாட்டி நகலெடுத்துவிட்டு அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

அந்தப் பச்சைப் பலகையே கருகியிருந்தால், ‘இதே மாடல் டிஸ்க் ஒன்று வாங்கி அதன் பலகையை மாட்டிவிடலாம்’ என்று யாராவது சொல்லக்கூடும். பழைய காலத்து டிஸ்க்குகளில் அது நடந்தது. இப்போது பல டிஸ்க்குகளில், அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுக் குறிப்புகள் எட்டுக் கால் உள்ள ஒரு குட்டிச் சிப்பில் எழுதப்பட்டிருக்கும். பலகையை மட்டும் மாற்றி அந்தச் சிப்பை மாற்றாவிட்டால் டிஸ்க் தன் வீட்டையே அடையாளம் காணாது. எனவே சிப்பையும் மாற்றுவீர்களா என்று கேளுங்கள். எந்தச் சிப்பு என்று அவர் திருப்பிக் கேட்டால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உங்களுக்கென்று ஒன்று. 2005-இல் தொடங்கித் தட்டச்சு செய்ததாகச் சொல்கிறீர்கள். அப்படியென்றால் பழைய கோப்புகள் பெரும்பாலும் யூனிகோடில் (எல்லாக் கணினியும் படிக்கும் பொது எழுத்துமுறை) இருக்காது. வானவில், பாமினி போன்ற ஏதோ ஓர் எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒப்பாரி முழுவதும் புரியாத ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். டிஸ்க்கில் விண்டோஸ் என்ற உறைக்குள் ஃபான்ட்ஸ் என்று ஓர் உறை இருக்கும். அதை அப்படியே முழுதாக நகலெடுங்கள். பிறகு ஆற அமர ஒவ்வொரு கோப்பையும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியதில் ஒற்றுப்பிழை பார்க்க உங்களைவிடத் தகுதியானவர் யார்? நகல் இரண்டு இருக்க வேண்டும், ஒரு நகல் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். பாடல் கோப்புகள் எல்லாம் சேர்ந்தும் மிகச் சிறிய இடத்தையே பிடிக்கும்; கூகுள் டிரைவில் இலவசமாகத் தரும் 15 ஜிபி அதற்குத் தாராளம்.

(மற்ற வாசகர்களுக்கு ஒரு வரி: புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டு செத்து டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்கச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இடி விழும் முன்பே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள்.)

டிஸ்க் பத்திரமான பிறகு பெட்டிக்கு வரலாம். டிஸ்க் இல்லாமல், மின்சார வயரை மட்டும் செருகி, இப்போது ஒரே ஒரு முறை பொத்தானை அழுத்துங்கள். விசிறி நிற்காமல் சுற்றினால் மதர்போர்டு பெரும்பாலும் தப்பித்தது; பிழை டிஸ்க்கின் டயோடிலோ பிடுங்கிய வயர்களில் ஒன்றிலோ இருக்கலாம், அல்லது பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டதாக மட்டும் இருக்கலாம். பழையபடி அரைச் சுற்றோடு நின்றால், டிவிடி டிரைவ், முன்பக்க யுஎஸ்பி வயர், ராம் (தற்காலிக நினைவகம்) என்று ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கழற்றும் முன் ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்க வேண்டும். எதைக் கழற்றியதும் விசிறி சுற்றுகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாம் கழற்றியும் அரைச் சுற்றுதான் என்றால் மதர்போர்டு. அப்போது எஸ்எம்பிஎஸ்ஸை மதர்போர்டிலிருந்து பிரித்து, 24 துளை உள்ள பெரிய பிளக்கில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் இணைத்துத் தனியாக ஓட்டி, மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வருகிறதா என்று அளக்கலாம். 5 சதவீதம் ஏறலாம், இறங்கலாம். அதற்கு மேல் விலகினால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை அடுத்த கணினிக்குக் கொண்டுபோகக் கூடாது. இந்தச் சோதனை மெக்கானிக்கின் வேலை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் ஆர்வத்தில் திறக்க வேண்டாம். உள்ளே ஒரு மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம்.

குற்றவாளி லேன் சிப்பாக இருந்தால் ஒரு வைத்தியம் உண்டு. சிப் அளவில் வேலை செய்பவர்கள், மடிக்கணினி மதர்போர்டு பழுது பார்ப்பவர்கள், சூடான காற்று அடிக்கும் கருவியால் அந்தச் சிப்பை எடுத்துவிடுவார்கள். புதியது போடக்கூட வேண்டியதில்லை. ஷார்ட் நீங்கியதும் பல போர்டுகள் எழுந்துவிடும். இணையத்துக்குச் சில நூறு ரூபாய் விலையுள்ள யுஎஸ்பி வைஃபை குச்சி போதும். வாளி ஓட்டையானால் வாளியையே எறிவதில்லையே, ஓட்டையைத்தானே அடைக்கிறோம். ஆனால் எல்லா நேரமும் பலிக்காது: லேன் சிப்பைத் தாண்டி நடுவில் உள்ள பெரிய சிப்செட் வரை அடி போயிருந்தால் போர்டு முடிந்தது.

சரி செய்வதா, புதிதா? என் கணக்கு இது. உங்களுடையது 2016-இல் வாங்கியது. அந்தக் காலத்துப் புராசசர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆகவே சிப்பை எடுத்தால் ஓடும் என்றால் செய்துகொள்ளுங்கள், தட்டச்சு வேலைக்கு அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். மதர்போர்டையே மாற்ற வேண்டும், பழைய போர்டு ஒன்று தேடிப் பிடிக்கிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்பேன். புதியதன் விலையில் கால் பங்குக்கு மேல் இந்தப் பெட்டியில் செலவழிப்பது வீண். புதிதாக வாங்கினாலும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் எல்லாம் உங்களிடம் நன்றாகவே இருக்கின்றன. 38,000 ரூபாயில் அவையும் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள், தொகை இறங்கும்.

பிழைத்து எழுந்த கணினியை உடனே நம்பிவிடவும் கூடாது. மின்னல் சில பாகங்களைக் கொல்லாமல் அரை உயிராக விட்டுவிட்டுப் போகும். அவை மாதக்கணக்கில் ஓடி ஒருநாள் நின்றுவிடும். ஒரு இரவு முழுக்க ராம் சோதனையை ஓடவிடுங்கள். காரணமில்லாமல் அணைந்து எழுவது, ஏதாவது ஒரு யுஎஸ்பி துளை மட்டும் வேலை செய்யாதது போன்றவற்றைக் குறித்து வையுங்கள்.

யுபிஎஸ்ஸும் ஸ்பைக் பஸ்டரும் ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் மேலேயே வந்துவிட்டது. முன்வாசலுக்கு இரண்டு பூட்டுப் போட்டிருந்தீர்கள். கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. ஆனால் முன்வாசல் வழியாக வந்திருந்தாலும் அந்தப் பூட்டுகளை நான் பெரிதாக நம்பமாட்டேன். வீட்டில் வைக்கும் சிறிய யுபிஎஸ், கரண்ட் இருக்கும்போது சுவர் மின்சாரத்தை ஏறக்குறைய அப்படியே கணினிக்குத் தருகிறது. கரண்ட் போனால்தான் பேட்டரிக்கு மாறும். ஸ்பைக் பஸ்டர் என்று விற்கப்படுவதில் பல, சிவப்பு விளக்கு வைத்த வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டி. நல்லதைப் பிரித்தால் உள்ளே நீலமாகவோ மஞ்சளாகவோ மாத்திரை வடிவில் வேரிஸ்டர் இருக்கும். அதிக வோல்ட் வந்தால் அதைத் தன் வழியே திருப்பி விடுவது அது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், ஒருநாள் செத்துவிடும். விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது விழ ஆயிரக்கணக்கான மைக்ரோ வினாடிகள் ஆகும். அதற்குள் மின்னல் வந்த வேலையை முடித்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் அடியில் எர்த் இருக்கிறது. வேரிஸ்டர் திருப்பிவிட்டாலும் போய்ச் சேர மண் வேண்டும். நான் போகும் வீடுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருப்பது சர்வ சாதாரணம். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழியானால் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் சரியான பிறகு மெயின் போர்டில் சர்ஜ் புரொடெக்டர் (மிகை வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) ஒன்று போட்டுக்கொள்ளலாம், வீட்டுக்கு ‘டைப் 2’ என்று கேளுங்கள். எர்த் இல்லாமல் அதைப் போடுவது காசுக்குக் கேடு.

ஆனால் உங்கள் வீட்டுக்கு இதையெல்லாம் விட முதலில் செய்ய வேண்டியது அந்த நீல வயரை ஒழிப்பது. கண்ணாடி இழையை வீட்டுக்குள் வரை கொண்டுவந்து, பெட்டியை உள்ளே வைத்துத் தரச் சொல்லி இணைப்புக் கொடுத்தவரிடம் கேளுங்கள்; இப்போது பெரும்பாலானோர் செய்து தருகிறார்கள். அந்த இழையைத் தாங்க இரும்புக் கம்பி சேர்ந்து வந்தால் அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். கணினியை வைஃபையில் இணையுங்கள். பெட்டிக்கும் கணினிக்கும் நடுவில் செம்பே இல்லாமல் போகும்.

என் பாட்டி வீட்டில் வால்வு ரேடியோ இருந்தது. மேற்கே மலை கறுத்ததும் பாட்டி முதலில் அதன் ஏரியல் கம்பியைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுவார். அப்புறம்தான் திண்ணையில் உட்கார்ந்து ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ சொல்வார். அந்த வரிசை முக்கியம். இடி தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கைப் பிடுங்கப் போகாதீர்கள். கம்பியில் கை வைக்கும் நேரம் அதுவல்ல, கணினி போனால் போகட்டும். மின்னல் தெரிந்து 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்பே மின்சார பிளக், நெட் வயர், டிவி கேபிள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி மின்னலுக்கு ஓர் எட்டு. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘தாமினி’ செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் அருகில் மின்னல் வருவதை முன்கூட்டியே சொல்லும்.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக. வீட்டுக் காப்பீடுகளில் மின்னல் சேதம் என்று போட்டிருக்கும். ஆனால் தீ காப்பீட்டுப் பத்திரங்களின் விலக்குப் பகுதியில், ஷார்ட் சர்க்யூட் போன்றவற்றால் மின்சாதனங்களுக்கு ஏற்படும் சேதம், ‘மின்னலால் ஆனதாயினும்’ சேராது என்று ஒரு வரி இருப்பது வழக்கம். உங்கள் பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். தனியாக மின்னணுச் சாதனக் காப்பீடு எடுத்திருந்தால் கேட்டுப் பார்க்கலாம். கணினி நிறுவனத்தின் வாரன்டியில் மின்னல் சேதம் சேர்வதில்லை. உங்களுடையதற்கு அந்தக் காலமும் முடிந்துவிட்டது.

டிஸ்க்கை டாக்கில் வைத்ததும் சுழன்றதா, ஓசை எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். சுழலவில்லை என்றால், அடிப்பக்கத்துப் பச்சைப் பலகையை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். எந்த டயோடைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று படத்திலேயே வட்டம் போட்டுத் தருகிறேன். அதை உங்கள் மெக்கானிக்கிடம் காட்டலாம்.